கோவை – டொரோண்டோ: ஐம்பது நிமிடம்

ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் எவ்வளவு தூரம், பறந்து போக எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் பதில் சொல்லும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பதில்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. தூரம் மாறாது. பூமி யாருக்காகவும் சுருங்கப்போவதில்லை. நேரம்தான் மாறும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோயம்புத்தூரிலிருந்து டொரோண்டோ போக ஒரு முழு நாள் ஆனது. மடிப்பு விமானம் வந்ததும் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு 'ஐம்பது நிமிடம்' என்று போட்டவள் நான்தான். போட்டுவிட்டு எதிர் மேசைக்காரிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு அது நியாயமான சந்தோஷமாகத்தான் இருந்தது. கோவை பீளமேட்டில் குடியிருந்துகொண்டு டொரோண்டோவில் வேலை பார்த்தார்கள். அப்பாவின் காரியத்துக்கு வர முடியவில்லை என்று சாக்குச் சொல்ல எந்த மகனாலும் முடியாமல் போயிற்று. விமானத்தில் ஏறியதும் ஒரு முகமூடி தருவார்கள், தூங்கிவிடுவோம், கண் விழித்தால் ஊர் வந்திருக்கும். இறங்கும்போது நகம் கொஞ்சம் வளர்ந்தாற்போல் இருக்கும், ஆண்களுக்குத் தாடி லேசாகக் குத்தும். அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? பழைய விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். வேறு வழியில் போக வேண்டுமென்று யாரும் கேட்கவுமில்லை.

ஒரே ஒரு விதிதான் உறுத்தல். கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. ஏன் என்று கேட்டால் 'மருத்துவ ஆலோசனைப்படி' என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கல்யாணமாகி டொரோண்டோவில் குடியிருந்த எனக்கு ஏழாம் மாதம் அங்கேயே வளைகாப்பு நடந்தது. அம்மா துளசிமணி, டவுன் பஸ் பிடிப்பதுபோல வந்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டு, வீட்டைத் தயார் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே திரும்பிப் போய்விட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். விதியைச் சொன்னபோது அம்மா போனிலேயே சீறினாள்.

"நல்லாருக்கே நாயம்! நானென்ன உன்னைய நடந்தா வரச் சொன்னேன்? அம்பது நிமிசம். சிங்காநல்லூர்ல இருந்து காந்திபுரம் போறதுக்கே அத்தன நேரம் ஆகுது. கோட்டு கீட்டு போட்டு மறைச்சுட்டு வந்து சேரு கண்ணு."

என் கணவர் பொன்னரசு தன்னுடைய பெரிய குளிர்கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். வளையல் சத்தம் கேட்காமலிருக்க இரண்டு கையிலும் கைக்குட்டையைச் சுற்றினார். சோதனைச் சாவடியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

விழிப்பு வந்தபோது வந்து சேர்ந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் யாரும் எழவில்லை. வரிசை வரிசையாக ஆட்கள் முகமூடியோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சு விடுகிறார்களா என்று சந்தேகமாக இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. ஜன்னலுக்கு வெளியே வானமும் இல்லை, மேகமும் இல்லை, சாம்பல் நிறம் மட்டும்.

நாலு வரிசை தள்ளி, சீருடைச் சேலையில் ஒரு பெண், தூங்கும் பருத்த மனிதர் ஒருவரைத் தோசையைத் திருப்புவதுபோல் மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் முதுகைத் துடைத்து, முட்டிக்கு எண்ணெய் தடவினாள். நான் எழுந்து கைக்குட்டைகளை உருவினேன். வளையல் குலுங்கியது. அவள் துள்ளித் திரும்பினாள்.

"வந்துட்டமுங்களா அக்கா?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வளையலைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள்.

"எத்தன மாசமுங்க?"

"ஏழு முடியப் போகுது."

"அட சாமி!" என்று அப்படியே ஓர் இருக்கையின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, மாசமா இருக்கறவங்க வரக்கூடாதுன்னு அத்தன எடத்துல எழுதிப் போட்டிருக்கறாங்களே, கண்ணுலயே படலீங்களா? இந்தத் தூக்க மருந்து உங்களுக்குப் புடிக்காதுங்க. எறும்பு கடிச்சாப்பல முழிச்சுக்குவீங்க. மறுபடி குடுத்தா வயித்துல இருக்கறதுக்கு ஆகாது."

"சரி விடுங்க. அம்பது நிமிசந்தானே, முழிச்சுட்டே வர்றேன்."

அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"அம்பது நிமிசம் வெளிய. உள்ள எவ்வளவுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

தன் சேலைக் கொசுவத்தை விரலால் பிடித்துக் காட்டினாள். "இதைப் பாருங்க. முன்னால இருந்து பாத்தா ஒரு சாண் அகலம். ஒரு எறும்பு இந்த மடிப்பு மடிப்பா ஏறி எறங்கி வந்துச்சுன்னா, மடிச்ச அத்தனையும் அது நடந்தாகணும். நாம அந்த எறும்புங்க. வெளிய கடியாரம் மெதுவா ஓடுது, இங்க தலைதெறிக்க ஓடுது. அவங்களுக்கு அம்பது நிமிசம். நமக்கு அரை வருசத்துப் பக்கம்."

நான் நம்பவில்லை. திட்டினேன். விமானத்தைத் திருப்பச் சொன்னேன்.

"யாருகிட்டங்க சொல்றது? ஓட்டறதுக்கு ஆளே கெடையாது, எல்லாம் தானா போகுது. பேசறதுக்கு ஒரு கருவி இருக்குது. நாம ஒரு நாள் முழுக்கக் கத்துனாலும் அவங்களுக்குக் கீச்சுன்னு ஒரு சத்தம் கேக்கும். ஏதோ எரைச்சல்னு விட்ருவாங்க. நானும் கத்திப் பாத்தவதானுங்க."

பிறகு கதவை உதைத்தேன். ஜன்னலைக் குத்தினேன். இரண்டு வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அவள் தடுக்கவில்லை. நான் ஓய்ந்ததும் பஞ்சு கொண்டுவந்து துடைத்துவிட்டாள். எல்லோரும் முதல் தடவை இப்படித்தான் செய்வார்கள் என்பதுபோல இருந்தது அவள் முகம்.

அப்போதுதான் கணக்கு எனக்கு உறைத்தது. அரை வருடம். என் பிள்ளை தாய்வீட்டில் பிறக்கப்போவதில்லை. எந்த ஊரிலும் பிறக்கப்போவதில்லை. இந்தச் சாம்பலுக்குள், தூங்குகிற ஆட்களுக்கு நடுவில், டாக்டர் இல்லாமல் பிறக்கப்போகிறது.

"அக்கா, எம் பிள்ளைய எப்படியாச்சும் உசுரோட ஊருக்குக் கொண்டாந்து சேத்துடுங்க அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"சேத்தர்றேனுங்க" என்றாள். என் கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னொண்ணு. என்னைய அக்கான்னு கூப்புடாதீங்க. எம் பேரு சௌடேஸ்வரி. நான் உங்களுக்கு எளையவ" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணோரச் சுருக்கம், சாயத்துக்கு அடியில் வகிட்டில் வெளுத்த முடி.

"உங்க பேரு நறுமுகைதானே? கிணத்துக்கடவு ஸ்கூல்ல நீங்க எனக்கு ரெண்டு கிளாஸ் மேல. ஆண்டு விழாவுல நீங்க மேடையில பாடி நடுவுல மறந்து நின்னீங்களே, அன்னிக்கு மொத வரிசையில உக்காந்து சிரிச்சவ நான்."

எனக்குச் சிரித்தவளும் ஞாபகம் வந்தாள். ரெட்டைச் சடைப் பொடிசு. அவள்தான் இவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் யாராவது ஒருவர் விழித்திருந்து தூங்குகிறவர்களைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தூங்குகிற உடம்புக்கு மருந்து வயதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவளுக்கு அப்படி எதுவுமில்லை. அவள் அத்தனை மாதத்தையும் முழுசாக வாழ வேண்டும். இறங்கியதும் வேலை நேரம் ஐம்பது நிமிடம் என்று போடுவார்கள். சீருடையோடு தலைச்சாயமும் கொடுத்துவிடுவார்களாம்.

அடுத்து வந்த நாட்களை நான் நாட்கள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். விளக்கை அவள் அணைத்தால் ராத்திரி, போட்டால் காலை. விமானத்தில் ஓர் ஆள் சாப்பாடுதான் இருந்தது. பயணிகளுக்கு இறங்கும்போது கொடுக்கும் சிற்றுண்டிப் பெட்டிகளை உடைத்தோம். முறுக்கும் கேக்கும் தின்று தின்று நாக்கு செத்துவிட்டது. மேலடுக்கில் யாரோ ஊருக்குக் கொண்டுபோன ஆவக்காய் ஊறுகாய் கிடைத்த அன்று இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலக் குதித்தோம். நானும் அவளோடு சேர்ந்து ஆட்களைப் புரட்டினேன். பெரிய வயிற்றோடு என்னால் இயன்றவரை கால்பக்கம் பிடிப்பேன். அந்தப் பருத்த மனிதருக்குச் சௌடா 'மேட்டுப்பாளையம் லாரி' என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒரு நாள் கேட்டேன். "ஏன் சௌடா, இத்தனை தெரிஞ்சும் எதுக்கு மறுபடி மறுபடி ஏறுறே? கோயமுத்தூர்ல எறங்குனதும் வீட்டைப் பாத்துப் போயிட வேண்டியதுதானே?"

"போனனுங்க. இருவதாவது வாட்டி எறங்குனதும் போனேன். டாக்டரு சீக்கிரமே முதுமை வர்ற நோய்னாரு. அப்பறம் இன்னொரு வாட்டி போனப்ப எங்கம்மா கதவத் தொறந்து, யாருங்க வேணும்னு கேட்டுச்சு." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அதுக்குப் பொறவு போகலீங்க. வெளிய எனக்குன்னு இருக்கறது ரெண்டு பயணத்துக்கு நடுவுல கெடைக்கற கொஞ்ச நேரந்தான். வாழ்க்கை பூராவும் இதுக்குள்ளதான் ஓடிருச்சு."

வலி வந்த அன்று அவள் போர்வையை விரித்து என்னைப் படுக்க வைத்தாள். அவள் அதற்கு முன் பிரசவமே பார்த்ததில்லை. முதலுதவிப் பயிற்சியில் ஒரு படம் காட்டினார்களாம், அவ்வளவுதான். நான் கத்திய கத்தலில் அறுபது பேரில் ஒருவர்கூட அசையவில்லை. அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் இல்லாத அந்தக் கொடுமையை என்னால் சொல்லி முடியாது. "மூச்சை விடாதீங்க, புடிங்க, இன்னொரு வாட்டி, எஞ்சாமி, இன்னொரே வாட்டி" என்று அவளும் அழுதுகொண்டே கத்தினாள். குழந்தை வெளியே வந்து அழவில்லை. சௌடா அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். வாயை வைத்து உறிஞ்சித் துப்பினாள். மறுபடி தட்டினாள். அதன் பிறகுதான் என் மகள் வீறிட்டாள். அந்த விமானத்தில் எங்களைத் தவிர விழித்திருந்த மூன்றாவது உயிர்.

வளைகாப்பு வளையலைப் பிரசவம் பார்த்தவளுக்குக் கழற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். உடையாமல் மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி சௌடாவின் கையில் மாட்டினேன்.

"எனக்கெதுக்குங்க?" என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

யாருடைய பெட்டியிலோ இருந்த நூல்சேலையை எடுத்து இரண்டு மேலடுக்குகளுக்கு நடுவில் தூளி கட்டினாள். யாருடைய வேட்டியையோ கிழித்து அணைத்துணி ஆக்கினாள். எனக்குத் தூக்கம் வரும்போதெல்லாம் அவள்தான் தூளியை ஆட்டினாள். வளையல் சத்தம் கேட்டால் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தேடும். முகம் பார்த்துச் சிரித்தது முதலில் என்னையில்லை, அவளைத்தான். எனக்கு அதில் ஒரு நொடி பொறாமைகூட வந்தது. குழந்தைக்குத் தலை நின்றது. பிறகு ஒரு காலையில், நடைபாதையில் விரித்திருந்த போர்வையில், மேட்டுப்பாளையம் லாரியின் காலடியில், என் மகள் குப்புற விழுந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தானுங்க" என்றாள் சௌடா. "உக்காரறதைப் பாக்கறதுக்குத்தான் எனக்குக் குடுத்து வெக்கல."

தரை இறங்கியது. ஜன்னலில் கோயம்புத்தூர் வெயில். எல்லோரும் முகமூடியைக் கழற்றிச் சோம்பல் முறித்தார்கள். "சிற்றுண்டிப் பெட்டி எங்கம்மா?" என்று முதலில் கேட்டவர் மேட்டுப்பாளையம் லாரி. அவரை அடிக்கலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது.

வாசலிலேயே நிறுவனத்தின் அதிகாரி ஒருவன் என்னைத் தடுத்தான். இஸ்திரி கலையாத சட்டை.

"மேடம், கைக்குழந்தைக்கு டிக்கெட்டே இல்லையே. டொரோண்டோவுல சொல்லாம ஏத்திட்டீங்களா?"

"உள்ள பொறந்தது. உங்க விமானத்துல."

அவன் சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். "அம்பது நிமிஷ ஃப்ளைட்ல பொறந்து, கழுத்து நின்னு, என்னையப் பாத்துச் சிரிக்கவும் சிரிக்குதுங்களா மேடம்? யாராச்சும் பாத்தாங்களா?"

யார் பார்த்தார்கள்? அறுபது பேரும் தூங்கினார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். விமானத்திலிருந்து இறங்கியும் நான் உள்ளேயே இருப்பதுபோல இருந்தது.

வெளிவாசல் கண்ணாடிக்கு அப்பால் அம்மா நின்றிருந்தாள். வேகமாக வந்தவள் என் வயிற்றைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். அதன் காதைப் பார்த்தாள்; பொன்னரசின் அதே மடங்கிய காது. என் வெறுங்கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"பிரசவம் பாத்தது யாரு?"

எனக்கு அப்போதுதான் அழுகை உடைந்தது. திரும்பிக் காட்டினேன். விமானத்துக்குப் போகும் கதவோரத்தில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சௌடா நின்றிருந்தாள். அம்மா நேராகப் போய் அவள் கையை வெளியே இழுத்தாள். தான் பூமார்க்கெட்டில் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிய வளையல்களைப் பார்த்தாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கு ரெண்டாவது பொறப்பு குடுத்திருக்கறே. எங்க வீட்டுல கை நனைக்காம உன்னைய எங்கயும் அனுப்ப மாட்டேன். வா சாமி."

"எனக்கு இப்பத் திரும்பற வண்டி இருக்குதுங்கம்மா" என்றாள் சௌடா.

"வண்டி கெடக்குது. வான்னா வா."

அம்மா விடவில்லை. அதிகாரி மணியைப் பார்த்தான். விழித்திருக்க ஆளில்லாமல் விமானம் புறப்படாது. போனில் யாரையோ கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்தாள். புதுச் சீருடை, தலையில் ஒரு முழம் மல்லிகை, பள்ளிக்கூடம் முடித்த ஈரம் காயாத முகம்.

"சார், எனக்கு இன்னிக்கே டூட்டியா சார்? சாயங்காலம் திரும்பிடுவேன்ல? அம்மாவுக்கு டொரோண்டோவுல இருந்து ஏதாச்சும் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிருக்கேன்."

சௌடா அவளையே பார்த்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்தாள்.

"போகாத சௌடா" என்றேன். "உன் காலைப் புடிக்கறேன்."

"அது தூங்கிட்டே போயிடலாம்னு நெனச்சுட்டு வருதுங்க" என்றாள். "இந்த ஒரு வாட்டி நான் போறேன். அதுக்குள்ள அதுகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லுங்க, கையில கொழந்தை இருக்குது."

குழந்தையின் உள்ளங்காலில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடும்வரை வளையல் சத்தம் கேட்டது. குழந்தை தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது.

என் போன் அடித்தது. பொன்னரசு. "வந்துட்டியா? நான் இன்னும் காரைக்கூட எடுக்கல."

"எடுக்காதீங்க. வாசல்லயே நில்லுங்க."

"அது யாரு கொழந்தை அழுவுது?"

"நம்மளுது."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்ப முடியாததுபோல இருந்தது. அவர் கடைசியில், "அவங்கள எப்படி அடையாளம் கண்டுபுடிக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க அத்தை வாங்கிக் குடுத்த வளையல் போட்டிருப்பா. அவளைத் திரும்ப ஏற விடாதீங்க. என்ன ஆனாலும் சரி."

விமான நிலையத்து காபிக் கடையில் உட்கார்ந்தோம். மல்லிகைப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்து அம்மாதான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பாதி நம்பி, பாதி பயந்து, குழந்தையின் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து பயண நேரம் என்ற கட்டத்தில் அரை வருடம் என்று அடித்தேன். தவறான மதிப்பு என்று வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதேதான். கட்டத்தை அழித்துக் காலியாக விட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்தேன். எதிரில் என் காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆடை படிவதற்குள் சௌடா எத்தனை பேரை எத்தனை தடவை புரட்டியிருப்பாள் என்று நினைத்ததும் என்னால் அதைக் குடிக்க முடியவில்லை.

போன் அடித்தது.

"வந்துட்டாங்க" என்றார் பொன்னரசு. "வளையலை வெச்சுத்தான் கண்டுபுடிச்சேன். கையைப் புடிச்சுட்டு நிக்கறேன். ஆளுங்க வந்து கூப்புடறாங்க, நான் விடல."

"என்ன சொல்றா?"

"நான் நறுமுகையோட புருசன்னு சொன்னதும் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டா?"

"பாப்பா தவழ ஆரம்பிச்சுட்டாளான்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் தோளில் குழந்தைக்கு இன்னும் ஏப்பம்கூட வரவில்லை. அம்மா அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.